முதுகுக்குக் கீழே என்ன போடுவது? ஐப்பசி மலையில் ஹமொக்கில் தூங்குவோருக்கு

தீபாவளி லீவோடு இன்னும் சில நாளைச் சேர்த்துக்கொண்டு, மலையகத் தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் பீக்கோ பாதையில் நடக்கப் புறப்படும் மூன்று பேர், தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, டென்ட் பாரம். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கித் தூங்கிற ஹமொக்தான் கொண்டுபோறோம். குளிருக்கு எதை வாங்க? போம் பாயா, காத்து மெத்தையா, இந்த அண்டர்குவில்ட் எண்டு சொல்றாங்களே அதுவா?" அதில் இரண்டு பேர் ஏற்கெனவே விலையான ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டார்கள். ஹமொக்கில் அந்தக் காசு பாதிக்குப் பாதி வீண்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. கண்டப்பளைக்கு மேலே ஒரு டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) தோப்பு, கார்த்திகை மாதம். மேலே நல்ல ஸ்லீப்பிங் பேக், கீழே வெறும் நைலோன் துணி. நெஞ்சு வியர்த்தது, முதுகும் இடுப்பும் யாரோ ஐஸ் கட்டியில் கிடத்தியதுபோல விறைத்தன. இரவு 2 மணிக்கு எழும்பி, கொண்டுபோன உடுப்பையெல்லாம் முதுகுக்குக் கீழே திணித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காரணம் எளிது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் நம்மைச் சூடாக வைத்திருப்பது பஞ்சல்ல, பஞ்சுக்கு இடையில் அடைபட்ட காற்று. அதன்மேல் ஆள் படுத்தவுடன் கீழ்ப்பக்கம் நசுங்கிக் கடதாசிபோல் ஆகிவிடுகிறது. தரையிலும் அது நசுங்கத்தான் செய்யும். ஆனால் தரையில் முதுகுக்குக் கீழே காற்று ஓடாது. ஹமொக்கில் அடியிலும் காற்று, பக்கத்திலும் காற்று. அதனால் 15 பாகையிலேயே முதுகு குளிரத் தொடங்கிவிடும். மேலே எதைப் போர்த்துவது என்று யோசிப்பதற்கு முன் கீழே என்ன வரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

## நம் மலைக்கு இலையுதிர் காலம் இல்லை

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் இலையுதிர் காலம் வறண்ட குளிர். நமக்கு அந்த மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும்: "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை." ஒக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை, இரவில் மூடுபனி. நவம்பர் கடைசியில் வடகீழ்க் காற்று தொடங்கினால் பதுளை, நமுனுகுலை பக்கமெல்லாம் நாள்கணக்கில் ஈரம்.

உயரம் அடுத்தது. 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கண்டி 500 மீற்றர், நுவரெலியா 1,868. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 9 பாகை. நுவரெலியாவில் இந்த மாதங்களின் இரவு சாதாரணமாக 11, 12 பாகைக்கு இறங்கும். புல்லில் உறைபனி படிவது ஜனவரி, பெப்ரவரிக் கதை. ஐப்பசியில் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பனியைவிட ஈரம்தான் நம் எதிரி.

பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். ஹந்தானையில் தொடங்கி பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று ஏறி, அப்புத்தளை, எல்ல பக்கம் இறங்கி, மீண்டும் நுவரெலியாவுக்கு ஏறி முடிகிறது. ஒரே பயணத்தில் எல்லவின் 1,000 மீற்றர் இரவும் வரும், ஒஹிய, பட்டிப்பொலப் பக்கத்து 1,800 மீற்றர் இரவும் வரும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குக் காணாது, அல்லது மிஞ்சும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். தோளிலிருந்து முழங்கால்வரை இடைவெளியில்லாமல் மூடுகிறதா? பத்து நாள் ஈரத்துக்குப் பிறகும் சூடு தருமா? தோளில் எவ்வளவு பாரம், பையில் எவ்வளவு இடம்? மரம் கிடைக்காத இரவில் தரையில் உதவுமா? கடைசியாக விலை. விலையைக் கடைசியில் வைத்தது பணக்காரத்தனத்தால் அல்ல. மலிவான தெரிவே சில பேருக்கு ஆகச் சரியான தெரிவு, அது மற்ற நான்கையும் பார்த்த பிறகுதான் தெரியும்.

## போம் பாய்

காற்றுக் குமிழ்கள் மூடியிருக்கும் போம். தண்ணீர் குடிக்காது, ஓட்டை விழுந்தாலும் கவலையில்லை, நசுங்கினாலும் சூட்டை விடாது. மடக்கிச் சுருட்டும் முழுநீளப் பாய் 400 கிராம் அளவுதான். தரையிலும் லயத்துத் திண்ணையிலும் விரிக்கலாம், மழை நிற்கும்வரை அதன்மேல் உட்காரலாம். முதல் தடவை போகிறவருக்கு என் பதில் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. டவுன் கடைகளில் போம் பாய் கேட்டால் யோகா பாயைத் தருவார்கள். அது பாரம், மெல்லிசு, சூடும் காக்காது. வழுக்காமல் நின்று கையூன்றச் செய்தது அது. மாறாக, டிவி, பிரிட்ஜ் பெட்டிகளுக்குள் சுற்றி வரும் வெள்ளைப் போம் ஷீட் இருக்கிறதே, அது இதே வகைப் போம்தான். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிசாக இருந்தால் இரண்டாக மடித்து நாடா ஒட்டுங்கள்.

குறை அகலத்தில். பாய் 50 சென்ரிமீற்றர். ஹமொக் துணியோ தோளை இரண்டு பக்கமும் அணைத்து மேலே வரும். தோள் பாயைத் தாண்டித் துணியில் படும், அங்கே குளிரும். மலிவான வைத்தியம்: 30 சென்ரிமீற்றர் அகலத் துண்டொன்றை வெட்டித் தோள் மட்டத்தில் குறுக்கே வையுங்கள், சிலுவைபோல. துண்டு வெட்ட மனமில்லையென்றால் தோளுக்கு மட்டும் சுவெட்டரைச் சுருட்டி வைக்கலாம். இரவில் நான்கு தடவை சரிசெய்ய வேண்டிவரும்.

இரண்டாவது குறை, நகர்தல். புரண்டு படுத்தால் பாய் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். இரட்டைத் துணி ஹமொக் என்றால் இரண்டு துணிக்கும் இடையில் செருகிவிடலாம், பாதித் தொல்லை போகும். இன்னும் ஹமொக் வாங்காதவர்கள் இதை மனதில் வைத்து வாங்குங்கள். ஒற்றைத் துணிக்கும் இரட்டைத் துணிக்கும் உள்ள பார வித்தியாசம் சிறிது. நிம்மதியில் உள்ள வித்தியாசம் பெரிது.

மூன்றாவது, வியர்வை. போம் மூச்சு விடாது. முதுகு ஈரமாகி விடியப்புறம் அந்த ஈரமே குளிரும். பழைய சாரத்தை நான்காக மடித்து இடையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## காற்று மெத்தை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில் பிரியமில்லை. போம் பாயைவிடச் சூடு அதிகம் காக்கும் வகைகள் உண்டு, பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலளவு இடம்தான். தரையில் மெத்துமெத்தென்று தூக்கம் வரும். ஆனால் ஹமொக்கின் வளைவுக்குள் முழுதாக ஊதினால் ஆளையே தூக்கி வெளியில் தள்ளும். பாதிதான் ஊத வேண்டும். உள்ளே சூடு காக்கும் அடுக்கில்லாத மலிவு மெத்தையென்றால் இன்னும் மோசம்: அதற்குள் இருக்கும் காற்று நம் சூட்டை வாங்கி அடியில் விட்டுக்கொண்டே இருக்கும்.

நாயுண்ணிப் புதர் மலிந்த நாட்டில் இது ஒரு சூதாட்டமும்கூட. என்னுடையது இரண்டாம் இரவிலேயே முள் குத்தி இறங்கிவிட்டது. ஓட்டையைத் தேட வாளித் தண்ணீரும் வெயிலும் வேண்டும். அந்த வாரம் தண்ணீர் மட்டும் நிறைய இருந்தது.

பாதி இரவு ஹமொக், பாதி இரவு அறை என்று போகிறவருக்கும், ஒருபக்கமாய்ச் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவருக்கும் இது பொருந்தும். ஒட்டுப் போடும் துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

## அண்டர்குவில்ட்

பெயர்தான் பெரிசு. ஹமொக்குக்கு வெளியே, அடியில், இழுபடும் கயிற்றால் கட்டித் தொங்கவிடும் ஒரு பஞ்சுப் போர்வை. அதன்மேல் நாம் படுப்பதில்லை, அதனால் நசுங்குவதில்லை. அடைபட்ட காற்று அப்படியே இருக்கும். தோளையும் அணைக்கும், நகராது, வியர்வையும் வெளியேறும். ஹமொக்கில் தூங்கும் சுகத்தை முழுதாகத் தருவது இது ஒன்றுதான்.

பிறகு ஏன் எல்லோருக்கும் சொல்லவில்லை? விலை பல்லாயிரம், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரியும் சேரும். அதைவிட முக்கியம், தரையில் இது ஒன்றுக்கும் உதவாது. மரம் கிடைக்காத இரவில் அதை விரித்துப் படுத்தால் ஸ்லீப்பிங் பேக்குக்கு நடந்ததே நடக்கும்.

கட்டத் தெரியாவிட்டால் இருந்தும் இல்லாததுபோல்தான். முதுகுக்கும் குவில்டுக்கும் இடையில் ஒரு சின்ன வெளி இருந்தால் காற்று அந்த வழியாக உள்ளே வந்து சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அதிகம் இறுக்கினாலோ பஞ்சு நசுங்கும். சரியான அளவு, முதுகை முழுக்கத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இதைக் கட்டியபிறகு உள்ளே படுத்துக்கொண்டு, கூட வந்தவரைக் கையை அடியில் விட்டு இடுப்புப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக அங்கேதான் வெளி இருக்கும்.

உள்ளே வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா என்று ஒரு உபகேள்வி. இறகு லேசு, 500, 600 கிராமில் முழுநீளக் குவில்ட் கிடைக்கும். செயற்கைப் பஞ்சு இன்னும் 200, 300 கிராம் கூடும், பையில் இடமும் கூடப் பிடிக்கும். வறண்ட நாட்டில் யோசிக்காமல் இறகு. நம் மலையில், ஐப்பசியில், நான் யோசிக்காமல் செயற்கைப் பஞ்சு. ஒரு மழையில் நனைவது அல்ல பிரச்சினை, அதைப் பைக்குள் பைபோட்டுக் காப்பாற்றலாம். மூடுபனி ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இறகு ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும். காயப்போட வெயில் வேண்டும். பத்தாம் நாள் காலையில் வெயில் வருமா என்று யாரிடம் கேட்பது?

தோளிலிருந்து முழங்கால்வரை மட்டும் வரும் முக்கால் அளவுக் குவில்டும் உண்டு. பாரமும் விலையும் குறையும். காலுக்கடியில் ஒரு போம் துண்டு வைத்தால் போதும்.

## வீட்டுக் கம்பளியும் வெள்ளித் தட்டியும்

எங்கள் பாட்டி கொழுந்துக்குப் போகும்போது தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்ட கறுப்புக் கம்பளி இன்னும் வீட்டில் இருக்கிறது. மழைக்கு அதுதான் குடை, குளிருக்கு அதுதான் போர்வை. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், அந்தத் தலைமுறைக்கு அது தெரியும். அதை ஹமொக்கின் வெளிப்பக்கம், இரண்டு தலைப்பிலும் கயிறு கட்டி, அண்டர்குவில்ட்போலத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 1,200 மீற்றருக்குக் கீழே நன்றாகவே வேலை செய்தது. மேலே போனால் காற்று நெசவுக்குள் புகுந்தது. வெளியே ஒரு பொலித்தீன் ஷீட்டைச் சுற்றியபிறகு பரவாயில்லை. ஒன்றரை, இரண்டு கிலோ பாரம்தான் கணக்கைக் கெடுக்கும், நனைந்தால் அதற்கும் மேல். இரண்டு மூன்று இரவுக்குப் போகிறவர் வீட்டில் இருப்பதை எடுத்துப்போய்ப் பாருங்கள், காசு மிச்சம். இரண்டு வாரம் தூக்காதீர்கள்.

காரின் முன்கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கிறார்களே வெள்ளி நிறத் தட்டி, அது 200 கிராம்கூட வராது, அகலமும் போதும். தனியே அது 17, 18 பாகைவரைதான் தாங்கும். போம் பாய்க்கு அடியில் குறுக்கே வைத்தால் தோள் குளிர்வது தீரும்.

## ஹமொக்கை அவிழ்க்காத இரவுகள்

இதையும் ஒரு தெரிவாக எண்ண வேண்டும், ஏனென்றால் தேயிலை மலையில் நடக்கிறோம், காட்டில் அல்ல. மலையெங்கும் கொழுந்துச் செடி, இடையிடையே நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் மரம் இருக்கும். கிட்டப் போனால் ஒன்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், ஒன்றில் குளவிக்கூடு, ஒன்று கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும். மிளகுக்கொடிமேல் ஹமொக் கட்டும் பட்டியைச் சுற்றி நசுக்கினால் அது யாரோ ஒருவருடைய வருமானம். தோட்டத்தில் யாரிடமும் கேட்காமல் கட்டுவது மரியாதையும் அல்ல. கேட்டால், "அங்க ஏன்யா தொங்கிக்கிட்டு? வாங்க, ரொட்டி சாப்பிட்டுத் திண்ணையில படுங்க" என்பதுதான் அநேகமாகப் பதில். அந்த இரவில் அண்டர்குவில்டுக்காரர் வெறும் சீமெந்தில் படுப்பார், போம் பாய்க்காரர் சுகமாகத் தூங்குவார்.

ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா. அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் தங்க முடியாது. அந்தக் கட்டத்துக்கு இரவுத் திட்டத்தை முதலே போடுங்கள்.

இன்னொன்று, விளையாட்டல்ல. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மலை இறங்கியது இதே ஐப்பசியில். டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தாலும், சரிவில் மரங்கள் சாய்ந்து நின்றாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலும் அன்றிரவு ஹமொக்கும் வேண்டாம், டென்டும் வேண்டாம். டவுனுக்கு இறங்குங்கள். பின்னேர இடியில் மலைமுகட்டிலோ தனிமரத்திலோ கட்டுவதும் அப்படித்தான்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | பாரம் | பத்து நாள் ஈரத்தில் | தரையில் | வாங்கும்போது தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| போம் பாய் | சுமார் 400 கிராம் | மாற்றமில்லை | நன்று | தோள் குளிரும். பைக்கு வெளியே கட்ட வேண்டும் |
| காற்று மெத்தை | 400–600 கிராம் | மாற்றமில்லை, முள் குத்தாதவரை | மிக நன்று | ஒட்டும் துண்டு, அரைத் தூக்கம் |
| இறகுக் குவில்ட் | 500–600 கிராம் | நாளுக்கு நாள் குறையும் | உதவாது | தரைக்கு வேறு பாய் வேண்டும் |
| செயற்கைப் பஞ்சுக் குவில்ட் | 700–900 கிராம் | தாங்கும் | உதவாது | பையில் பாதியிடம் |
| வீட்டுக் கம்பளி | 1.5–2 கிலோ | பாரம் ஏறும், சூடு கொஞ்சம் நிற்கும் | பரவாயில்லை | முழங்கால் |

## அந்த மூவருக்கு

முதலாமவர் எல்லவிலிருந்து பண்டாரவளைப் பக்கம் நான்கு நாள் மட்டும் நடக்கிறார். போம் பாய், வெள்ளித் தட்டி. வேறு ஒன்றும் வாங்க வேண்டாம் என்றேன். கையிலிருக்கும் ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைத் திறந்து மேலே போர்த்திக்கொள்ளட்டும்.

இரண்டாமவர் ஹட்டன்காரர், லயத்தில் சொந்தமும் தோட்டந்தோறும் பழக்கமும் உள்ளவர். அவர் பாதி இரவுகூட மரத்தில் தூங்கப்போவதில்லை, அவருக்கே தெரியும். அவருக்கும் போம் பாய்தான், இரட்டைத் துணி ஹமொக்கோடு.

மூன்றாமவர் முழுப் பாதையையும் ஹமொக்கிலேயே முடிக்கப் பிடிவாதமாக இருக்கிறார், இனிமேலும் வருடாவருடம் போவார். அவருக்கு முக்கால் அளவுச் செயற்கைப் பஞ்சுக் குவில்ட், கூடவே 60 சென்ரிமீற்றர் போம் துண்டு. அந்தத் துண்டு பகலில் இருக்கை, இரவில் கால்பாய், மரமில்லாத இரவில் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில். காசு அவருக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் ஸ்லீப்பிங் பேக்கை வாங்கும் முன் வந்து கேட்டிருக்கலாம்.

எதை எடுத்தாலும் சில வேலைகள் மூவருக்கும் பொது. ஹமொக்குக்கு மேலே மழைக்குக் கட்டும் படங்கைத் தாழ இறக்கிக் காற்று வரும் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். பட்டியில் ஹமொக்குக்கு ஒரு சாண் முன்னால் ஒரு நூல் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள், மரத்தில் வழிந்து வரும் தண்ணீர் அந்த நூலில் இறங்கிவிடும். பள்ளத்தின் அடியில் கட்டாதீர்கள், இரவில் குளிர்ந்த காற்று அங்கேதான் வடிந்து தேங்கும். கணவாய் முகத்திலும் வேண்டாம். தூங்க ஒரு ஜோடி உடுப்பு, அதை எந்த மழையிலும் தொடக் கூடாது. பிளேன்டீ போடும்போது இன்னொரு லீற்றர் கொதிக்க வைத்து, தடித்த போத்தலில் ஊற்றி, மேசுக்குள் போட்டுத் தொடைக்கு இடையில் வைத்துக்கொள்ளுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றாதீர்கள், சுருங்கிக் கொட்டிவிடும்.

போகுமுன் ஒரு இரவு வீட்டு வாசலில், மழை வரட்டும், இரண்டு தூணுக்கிடையில் கட்டிப் படுத்துப் பாருங்கள். 3 மணிக்கு இடுப்பு குளிர்ந்தால் கயிற்றைச் சரிசெய்யுங்கள். அப்போதும் குளிர்ந்தால் கதவைத் திறந்து உள்ளே போய்விடலாம். பொகவந்தலாவைக்கு மேலே கதவு கிடையாது.